ஊதாத விசில்

அந்த அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது ஓடிக்கொண்டிருந்தபோது. ஓடியது நான். எங்கள் வீட்டுக்கே முதல் பட்டம் நான் வாங்கியதுதான். அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே நேர்காணலுக்குக் கிளம்பியிருந்தேன். நான் நிறுத்தத்தை எட்டுவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. பின்படியில் நின்றிருந்த கண்டக்டர் அம்மா என்னைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்தார், ஒரே ஒரு ஊது. வண்டி நின்றது.

மூச்சு வாங்க ஏறியவனிடம், "எதுக்கு இந்த ஓட்டம்? வண்டி நான் சொன்னாத்தான் போகும்" என்றார். பிறகு உறையைப் பார்த்துவிட்டு, "சர்டிபிகேட்டா? மடியிலேயே வச்சிக்க தம்பி. மேல வச்சா எறங்கறப்ப மறந்துருவ. படிச்சவங்கதான் நெறைய மறந்துட்டுப் போறாங்க" என்றார்.

வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அதே வண்டியில்தான் போய்வருகிறேன். இந்தக் கதையில் பாதி அக்கா சொன்னது, மீதி பெரும்பாலும் அவருடைய டிரைவர் சொன்னது. இருவரும் ஒத்துப்போகாத ஓர் இடம் இருக்கிறது. அதை அது வரும்போது சொல்கிறேன்.

அந்தத் தடத்தில் எல்லோரும் அவரை 'ஒத்த விசில்' என்றுதான் சொல்வார்கள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. வண்டிக்குள் இருக்கிற ஒரே சட்டம் அதுதான். ஓடி வருகிறவன் கண்ணில் பட்டுவிட்டால் அக்கா ஒற்றை விசில் ஊதாமல் விடமாட்டார். அதனால் வந்த பட்டப்பெயர்.

கூட்ட நேரத்தில் டிரைவருக்குப் பின்படி தெரியாது. பக்கக் கண்ணாடி இருக்கிறது, ஆனால் அதில் தெரிவதெல்லாம் படியில் தொங்குகிறவர்களின் முதுகும் பையும்தான். ஆகவே அவர் கண் ரோட்டில், காது அக்காவின் விசிலில். பல வருடமாக இருவரும் ஒரே வண்டி. டிரைவர் அதிகம் பேசாத மனிதர். "நீ ஊது, நான் மிதிக்கிறேன். இதுக்கு மேல நமக்குள்ள என்ன பேச்சு தங்கச்சி?" என்பார். இது நடந்த வருடத்தோடு அவர் ஓய்வு பெறவிருந்தார். சர்வீஸில் ஒரு கீறல் கிடையாது. டிப்போவில் அவரைப் பற்றிப் பேசினால் அந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் யாரும் முடிக்க மாட்டார்கள்.

அக்கா அப்படியில்லை. அவருக்கு மூக்கு நுனியில் கோபம். அதற்குத் தோதாக வாய்த்தது அந்த வண்டி.

பக்கத்து இருக்கையில் பையை உட்காரவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவரிடம், "பைக்கு டிக்கெட் எடுத்தாச்சா? இல்லன்னா அவர எழுப்பி விடுங்க, நிக்கட்டும்" என்பார். ஒரு நாள் ஒருவர் தன் மச்சானோடு சொத்துச் சண்டையை ஸ்பீக்கரில் போட்டு நடத்திக்கொண்டிருந்தார். மச்சான் பேசுவதும் வண்டி முழுக்கக் கேட்டது. அக்கா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே, "உங்க மச்சான் பக்கம்தான் நியாயம் இருக்கு. வண்டில எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கிறோம்" என்றார். போன் உடனே அணைந்தது.

இதெல்லாம் வேலை நேரத்துக் கோபம். வீட்டுக் கோபம் வேறு. அக்காவின் கணவர் தையல்காரர்; வீட்டின் முன்னறைதான் கடை. வேலை முடிந்து வந்ததும் அவருடைய மெஷினுக்கு எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து அக்கா செய்தித்தாளை விரிப்பார். பெரிய செய்தி எதுவும் அவருக்கு வேண்டாம். மூலையில் கட்டம் கட்டி ஒரு வினோதச் செய்தி போடுவார்களே, அதைச் சத்தமாகப் படிப்பார்.

"இதக் கேளுங்க. நாய்க்குப் பொறந்தநாளாம். தெருவ மறிச்சுப் பந்தல் போட்டிருக்கான். ஆம்புலன்ஸ் சுத்திக்கிட்டுப் போயிருக்கு."

"ம்" என்பார் கணவர், வாயில் குண்டூசியோடு.

"இன்னொருத்தன். பக்கத்து வீட்டுச் சேவல் கூவுதுன்னு போலீஸ்ல புகார் குடுத்திருக்கான். சேவல் கூவாம குரைக்குமா? இவனுங்களக் கேக்க ஆளே இல்லையா?"

"நீதான் கேளேன்."

மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகள் சில நாள் மறித்துப் பேசுவாள். "அம்மா, அவன் கதை நமக்கு முழுசாத் தெரியாதுல்ல."

"ஒண்ணும் பண்ணாமலா பேப்பர்ல போடுவாங்க?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார் அக்கா. அந்த வீட்டில் அதுதான் கடைசித் தீர்ப்பு.

அது நடந்த காலை நான் வண்டியில் இல்லை; அன்றும் வண்டி நிரம்பி வழிந்தது. நடு வரிசையில் ஓர் இளைஞன். ஹெட்போன் கழுத்தில் மாலை மாதிரிக் கிடந்தது. போன் சத்தமோ கூரையைத் தொட்டது. பார்த்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? தூங்குகிறவர்களின் காதருகே போய் விசில் ஊதி எழுப்புகிற வீடியோ. ஊதியதும் தூங்கியவர் துள்ளி விழுவார், எடுக்கிறவன் சிரிப்பான். பார்க்கிறவனும் சிரிப்பான். திரும்பவும் முதலிலிருந்து போடுவான்.

"தம்பி, கழுத்துல இருக்கறத காதுல மாட்டு" என்று கூட்டத்துக்கு அப்பாலிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

"சார்ஜ் இல்ல ஆன்ட்டி" என்றான், தலையைத் தூக்காமலே.

ஆன்ட்டி என்ற சொல்லே அக்காவுக்கு ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டார். மார்க்கெட் நிறுத்தம் வந்துவிட்டது. ஒற்றை விசில், வண்டி நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கடைசியாக ஒரு பெரியவர், இரண்டு கையிலும் காய்கறிப் பை. ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார், இன்னொரு கால் படியில். அக்கா அவருடைய ஒரு பையை வாங்கிக் கீழே வைக்கக் குனிந்திருந்தார். விசில் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது வண்டிக்குள் இரண்டு விசில் கேட்டது.

வண்டி குலுங்கிக் கிளம்பியது. பெரியவர் ரோட்டில் மல்லாந்தார். தக்காளி நாலாபக்கமும் உருண்டது. அக்கா அடிவயிற்றிலிருந்து கத்தியபடி படியிலிருந்து குதித்து அவருடைய தோளைப் பிடித்து இழுத்தார். பின் சக்கரம் பையின் மேல் ஏறி நின்றது. பையில் இருந்தது காய்கறி மட்டும்தான் என்பதை நம்ப அக்காவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பெரியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, மூக்குக்கண்ணாடி தூள். உயிருக்கு ஒன்றுமில்லை. அவரைத் தூக்கி உட்காரவைக்கக் கை கேட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் வரிசையாகக் கை இருந்தது. எல்லாக் கையிலும் போன் இருந்தது.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "நீ ரெண்டு ஊதினியே தங்கச்சி."

"நான் ஊதல அண்ணே."

"என் காதால கேட்டேன்."

"நான் ஊதவே இல்ல."

அப்போது வண்டிக்குள் அதே இரண்டு விசில் மறுபடி கேட்டது. பின்னாலேயே அதே சிரிப்பு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியவரை ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அக்கா வண்டிக்குள் ஏறினார். நேராக அந்த இளைஞன் முன்னால் போய் நின்றார். "அத நிறுத்து."

"என் போன், என் இஷ்டம்."

"இது என் வண்டி. நீ நிறுத்தற வரைக்கும் இது நகராது." அக்கா திரும்பி ஒற்றை விசில் ஊதினார். ஸ்டியரிங்குக்குத் திரும்பியிருந்த டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

நடு ரோட்டில் வண்டி நின்றது. பின்னால் ஹாரன்கள். ஆபீஸுக்கு நேரமாகிறது என்று உள்ளே சத்தம். அக்கா குரலை இன்னும் உயர்த்தினார். "சிரிக்கிறியா? இதுல என்னடா சிரிப்பு?" என்று கேட்டதை மட்டும் யாரோ அழகாகப் படம் பிடித்திருந்தார்கள்; பரவியது அது ஒன்றுதான். கீழே விழுந்த பெரியவர் அதில் இல்லை. உருண்ட தக்காளியும் இல்லை.

மறுநாள் கட்டம் கட்டிய மூலையில் அக்கா இருந்தார். 'சிரித்தது குற்றமா? பயணி சிரித்ததால் பேருந்தை நடுவழியில் நிறுத்திய கண்டக்டர்!'

அன்று மாலை அக்கா செய்தித்தாளை எடுக்கவில்லை. மகள் எடுத்தாள். படித்துவிட்டு மெதுவாக, "ஒண்ணும் பண்ணாமலா பேப்பர்ல போடுவாங்க?" என்றாள்.

தையல் மெஷின் நின்றுவிட்டது. தாயும் மகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அக்காதான். சிரித்து முடித்ததும் கணவர் பக்கம் திரும்பி, "என்னங்க, அந்தச் சேவல் மேல புகார் குடுத்தான்ல, அவன் நைட் ஷிப்ட் போறவனா இருப்பானோ?" என்றார்.

"இருக்கும். இப்ப அதுவா முக்கியம்?" என்றார் கணவர்.

தெருவில் அவரைக் காட்டிச் சிரித்தார்கள். வண்டியில் ஏறியவர்களில் சிலர் கூடவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கல்லூரிப் பெண், "அக்கா, ஒரே ஒரு தடவ என்னைத் திட்டுங்க, வீடியோ எடுத்துக்கிறேன்" என்று கேட்டாள். "திட்டறதுக்கு நீ ஏதாவது பண்ணணும். பாவம், உன்னப் பாத்தா ஒண்ணும் பண்றவ மாதிரியே தெரியல" என்று அனுப்பிவைத்தார். அவள் அதையும் எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, மேலே இருந்து அவருக்கும் நெருக்கடி. பக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விளம்பரப் பிரிவுப் பையன், மடியில் கேமராவோடு.

"ஏம்மா, வண்டில சிரிச்ச அந்தப் பையன் புகார் குடுத்துட்டான். அவன் கேக்கறது ஒரு மன்னிப்பு. நாம ஒரு சின்ன வீடியோவா எடுத்துப் போட்டுருவோம். நீ சிரிச்சுக்கிட்டே ஸாரி சொல்ற, அவனும் சிரிக்கிறான், விஷயம் முடிஞ்சது."

"எதுக்கு சார் மன்னிப்பு?"

"வண்டிய நிறுத்தினதுக்கு."

"நிறுத்தினது சரிதான் சார்."

"அப்ப காரணத்தச் சொல்லு. ஒருத்தன் சிரிச்சான்னு யாராவது வண்டிய நிறுத்துவாங்களா?"

அங்கேதான் சிக்கல். காரணத்தைச் சொன்னால் பெரியவர் விழுந்ததைச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் வண்டி ஏன் கிளம்பியது என்று கேட்பார்கள். விசில் எதுவானாலும் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தது டிரைவர் தப்பு. சட்டப் புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது அவர் தலையில் அதை இறக்குவதா? பெரியவரும் புகார் எதுவும் கொடுக்காமல் போய்விட்டார்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன் சார்" என்றார் அக்கா.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "அப்ப பையும் டிக்கெட் மெஷினும் விசிலும் இங்க வச்சிட்டு வீட்டுக்குப் போ. மனசு மாறினா வா. மாறலன்னா மேலதான் முடிவு பண்ணுவாங்க. வேலைக்கே ஆபத்து, புரிஞ்சுக்க."

அக்கா கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி மேஜையில் வைத்தார். மேனேஜர் அதை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

வெளியே வந்தவர், வண்டியின் முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம் போனார். நடந்ததைச் சொன்னார். டிரைவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயேன் தங்கச்சி. வாய் வார்த்தைதான. என்ன குறைஞ்சிடப் போகுது?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நான் ஊதலன்னு உங்களுக்குத் தெரியும்ல அண்ணே?"

"தெரியும்."

"அது போதும் எனக்கு" என்றார். போதவில்லை என்று முகம் சொன்னது. டிரைவர் அதையும் பார்க்கவில்லை.

வீட்டில் இருந்த அந்த நாட்களைப் பற்றி அக்கா அதிகம் சொன்னதில்லை. கணவர் சொன்னார்: துணிகளை மடித்தாள், மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தாள், தெருவில் ஏதாவது வண்டி போனால் நிமிர்ந்தாள். கடைசியில் ஒரு நாள் காலை சீருடையைத் தேய்த்து மாட்டிக்கொண்டார்.

"வீடியோவுக்கா?" என்றார் கணவர்.

"ஆமா. கேமராவ வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்கல்ல, அதுக்குள்ளயே சொல்லிட்டு வர்றேன், மன்னிப்புக் கேக்க முடியாதுன்னு. இவ்வளவு நாள் முன்னையும் பின்னையும் வெட்டிப் போட்டாங்க. இத எப்பிடி வெட்டுறாங்கன்னு பாக்கறேன்."

"வேலை போயிட்டா?"

"உங்களுக்குப் பட்டன் தைச்சுக் குடுக்கறேன்."

"வேண்டாம் தாயே, நீ வேலைய விடாத" என்றார் அவர். அக்கா சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார்.

டிப்போ முற்றத்தில் அதே வண்டி நின்றது. ஸ்டியரிங்கில் அதே டிரைவர். நடு வரிசையில் அந்த இளைஞன், புதுச் சட்டை, தலையில் எண்ணெய்ப் பளபளப்பு. விளம்பரப் பிரிவுப் பையன் முன் பக்கம் கேமராவோடு. மேனேஜர் பின்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று மேற்பார்வை.

"ரியலா இருக்கணும் சார்" என்றான் கேமராக்காரன். "இன்ஜின் ஓடட்டும். ப்ரோ, அதே வீடியோவப் போடுங்க. மேடம் வந்து அத ரசிச்சு சிரிச்சிட்டு ஸாரி சொல்லட்டும்."

அக்கா பின்பக்கத்தில் தன் இடத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டார். "நான் சிரிக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன். மன்னிப்புக் கேக்க முடியாதுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். எடுத்துக்க."

"ஏம்மா" என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

அதற்குள் இளைஞன் வீடியோவைத் தட்டிவிட்டான். இரண்டு விசில்.

வண்டி குலுங்கிக் கிளம்பியது.

கேமராக்காரன் இருக்கைக்குள் விழுந்தான். மேனேஜர் கம்பியைப் பிடிக்கத் தவறி முற்றத்துப் புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வண்டி நீளம் கூடப் போயிருக்காது, டிரைவர் பிரேக் போட்டு இன்ஜினை அணைத்தார்.

மேனேஜர் எழுந்து பேன்ட்டைத் தட்டியபடி, கோபத்தில் வார்த்தை தடுக்க, "எதுக்கும்மா ஊதின?" என்றார்.

அக்கா தன் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "என் விசில் உங்க டிராயர்ல இருக்கு சார்."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார், போனைப் பார்த்தார், தன் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். டிரைவர் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கும் இப்பிடித்தான் சார் ஆச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டு எடுத்துட்டேன். கண்ணாடியப் பாக்கல. எறங்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் விழுந்துட்டார். தங்கச்சி இழுத்துப் போடலன்னா சக்கரம் ஏறியிருக்கும். அவ வண்டிய நிறுத்தினது அதுக்குத்தான். என்னைக் காப்பாத்தத்தான் வாய மூடிக்கிட்டிருந்தா. எழுதறதா இருந்தா எம்மேல எழுதுங்க."

இருவரும் ஒத்துப்போகாத இடம் இதுதான். டிரைவரைக் கேட்டால், "கால் பழக்கம் தம்பி, விசில் கேட்டா தானா மிதிச்சிடும்" என்கிறார். அக்காவோ, "பெரியவர் விழுந்ததுலருந்து கண்ணாடிய ரெண்டு தடவ பாக்காம அவர் வண்டிய எடுத்ததே கிடையாது. மேனேஜர் படியில நின்னது அவருக்கு நல்லாத் தெரியும்" என்கிறார்.

டிரைவருக்கு மெமோ வந்தது. கீறல் இல்லாத சர்வீஸில் ஒரு கீறல். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். மன்னிப்பு வீடியோ பேச்சு அதோடு நின்றது. மேனேஜர் தானே டிராயரைத் திறந்து விசிலை எடுத்துத் தந்தார். "நடந்தத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "நீங்க கேட்டது மன்னிப்பு சார். நடந்தத யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார் அக்கா.

அந்த இளைஞன் சும்மா இருப்பானா? முற்றத்தில் நடந்ததைத் தன் போனில் எடுத்து வைத்திருந்தான். முன்னும் பின்னும் வெட்டிப் போட்டுவிட்டான். அடுத்த நாள் கட்டம் கட்டிய மூலையில், 'விசில் சத்தம் கேட்டுப் பேருந்திலிருந்து விழுந்த மேனேஜர்!' தையல்காரர் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா செய்தித்தாளை அவர் கையிலிருந்து பிடுங்கி மடித்தார். "முழுசாத் தெரியாம சிரிக்காதீங்க" என்றார். முழுசாகத் தெரிந்த அக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டார். அக்கா அதே தடத்தில்தான் இருக்கிறார், வேறு டிரைவரோடு. அந்த இளைஞனும் அதே வண்டியில்தான் வருகிறான். சில நாள் ஹெட்போன் காதில் இருக்கிறது, சில நாள் கழுத்தில். கழுத்தில் இருக்கிற நாளில் அக்கா ஒற்றை விசில் ஊதுகிறார். ஹெட்போன் காதுக்குப் போகிற வரை வண்டி நகர்வதில்லை.